கையால் இழுத்த சிறுதேர்: தமிழர் விழாக்களும் உடலை இயக்கிய விளையாட்டுப் பொருள்களும்

விழா நாளில் வீட்டாருக்கும் உறவினருக்கும் பொருள் வழங்கி மகிழ்வது தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஆடையும் அணியும் பலகாரமும் காசும் அவ்வழக்கத்தின் பெரும்பகுதியை நிரப்பினாலும், விளையாட்டுப் பொருள்களும் விழாவை ஒட்டியே செய்யப்பட்டும் விற்கப்பட்டும் வழங்கப்பட்டும் வந்துள்ளன. இப்பொருள்களை இருவகையாகப் பகுக்கலாம். நவராத்திரிக் கொலுவில் அடுக்கப்படும் பொம்மைகளும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் போன்றவை வைத்துப் பார்த்து மகிழ்வதற்கு உரியவை. சிறுதேர், நடைவண்டி, ஊஞ்சல், பந்து, பம்பரம் போன்றவையோ தாமாக எதுவும் செய்வதில்லை. தம்மைப் பெற்றவர் நடந்தும் ஓடியும் இழுத்தும் எறிந்தும் உழைத்தால் மட்டுமே அவை விளையாட்டுப் பொருளாகின்றன. இரண்டாம் வகையின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கும்போது, உடலின் வளர்ச்சிப் படிகளைக் கூர்ந்து கவனித்து, ஒவ்வொரு படிக்கும் ஏற்ற பொருளை ஒவ்வொரு பருவத்திலும் விழாவிலும் கையில் கொடுத்த ஒரு பண்பாட்டு அறிவு அதனுள் செயற்பட்டிருப்பது தெளிவாகிறது. பண்டிகைப் பரிசாக எதை வாங்கலாம் என்று இன்றைய குடும்பங்கள் எண்ணிப் பார்க்கும் வேளையில் அந்த அறிவு மீண்டும் பயன்படத்தக்கது.

தச்சர் செய்த தேர்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், மருதநிலத்து உழவர் இல்லங்களை வருணிக்கும் இடத்தில் ஒரு விளையாட்டுத் தேரைக் காட்டுகிறார். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே கண்டு விரும்பும் அளவுக்கு அழகாகப் புனையப்பட்ட அத்தேர் ஏறிச் செல்வதற்கு உரியதன்று, உருட்டுவதற்கு உரியது. தளர்நடையால் அதனை உருட்டித் திரிந்த புதல்வர், நடந்த வருத்தம் தீரச் செவிலித் தாயரைத் தழுவிப் பால் உண்டு படுக்கையில் உறங்குகின்றனர். விளையாட்டுப் பொருள், அதனால் விளைந்த நடை, நடையால் வந்த களைப்பு, களைப்பைத் தொடர்ந்த பசி, பசி தீர்ந்தபின் வந்த உறக்கம் என்று ஒரு குழந்தையின் நாள் முழுவதும் சில அடிகளுக்குள் காரண காரியத் தொடர்ச்சியுடன் அமைந்திருப்பது வியப்புக்குரியது.

இதே புலவர் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையிலும் சிறுதேர் வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டுவதற்காக மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிய, அது பொன்னணிந்த காலையுடைய சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. உரையாசிரியர்கள் இக்காட்சியை நகரின் செல்வ வளத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வர். விளையாட்டின் வரலாற்றை ஆராய்வோருக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. தேருக்கு மூன்று சக்கரம் இருந்ததென்பதும், அதனை இழுக்கக் குதிரை இல்லாததால் சிறுவனின் ஆற்றலே அதன் ஆற்றல் என்பதும் அங்கே தெளிவாகப் பதிவாகியுள்ளன.

குறுந்தொகையின் 61ஆம் பாடல் இக்கருத்தை இன்னும் கூர்மையாக வெளிப்படுத்துகிறது. தும்பிசேர் கீரனார் பாடிய அப்பாட்டில், தச்சன் செய்த சிறு குதிரை பூண்ட தேரில் ஏறி ஊர்ந்து இன்பம் பெற முடியாவிட்டாலும், கையால் இழுத்தே இளையோர் இன்பம் அடைகின்றனர் என்பது உவமையாக வருகிறது. பெரியவர்களின் தேர் ஊர்பவரைச் சுமந்து செல்வது. சிறுவரின் தேர் இழுப்பவரை நடக்கச் செய்வது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புலவர் குறையாகக் கருதவில்லை. இழுப்பதிலேயே ஒரு முழுமையான இன்பம் உண்டு என்று உணர்ந்து, அதனை உவமையாக்கும் அளவுக்கு அனைவரும் அறிந்த செய்தியாகக் கொள்கிறார். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனாரோ, தன் தந்தையின் பெயரைத் தாங்கிய மகன் சிறுதேர் உருட்டித் தளர்நடை நடப்பதைக் கண்டு நெஞ்சம் பெரிதாகும் தலைவனைக் காட்டுகிறார். குழந்தையின் நடை குடும்பம் கூடிநின்று காணும் மகிழ்ச்சியாக இருந்ததென்பதற்கு இப்பாடல் சான்று.

சிறுதேர் தமிழகத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண்ணால் செய்த சிறு வண்டிகளும் சக்கரங்களும் கிடைத்துள்ளன. சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகம் தன் பெயரையே ஒரு சிறுவனின் மண் வண்டியிலிருந்து பெற்றது; அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைக் கண்டபின் தன் மண்வண்டியை வேண்டாமென்று அழும் சிறுவனுக்கு, வசந்தசேனை தன் நகைகளையே கழற்றிக் கொடுக்கிறாள். பட்டினப்பாலையில் பொற்காதணி தேரின் வழியை மறிக்கிறது. மிருச்சகடிகத்தில் பொன்னகை மண்வண்டியின் மதிப்பையே மாற்றுகிறது. விளையாட்டுப் பொருளின் விலையும் விளையாட்டின் இன்பமும் ஒன்றல்ல என்பது இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்குப் புலப்படும்.

மேற்கண்ட தமிழ்ப் பாடல்கள் பெரிதும் வளம் மிக்க இல்லங்களையே காட்டுகின்றன. செவிலித் தாயரும் பொன்னணியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் மண்ணாலும் ஓலையாலும் ஆகியிருக்க வேண்டுமாதலால், அவற்றுள் மண்ணாலானவை மட்டுமே தொல்லியல் அகழ்வுகளில் எஞ்சியுள்ளன. கீழடி முதலிய இடங்களில் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் கிடைத்துள்ளன. இவை விளையாட்டுக்குப் பயன்பட்டவை என்பது தொல்லியலாளர் கருத்து. தரையில் கட்டம் கீறி, சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் தாவிச் சென்று அதனை மீட்கும் பாண்டி ஆட்டம் தமிழகச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை ஆடப்பட்டது. கால்வலிமை, உடற்சமநிலை, குறிபார்க்கும் திறன் ஆகிய மூன்றையும் வளர்க்கும் அந்த ஆட்டத்துக்கு ஓர் ஓட்டுத்துண்டே போதுமானதாக இருந்தது.

பருவம் அறிந்து பாடிய பிள்ளைத்தமிழ்

இடைக்காலத்தில் உடலியக்கத்தைப் பற்றிய இந்தக் கவனம் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. கடவுளையோ அரசரையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடும் நூல் பிள்ளைத்தமிழ் எனப்படும். பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைமையைச் செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று படிப்படியாகப் பாடியது இவ்வகைக்கு முன்னோடி. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் முழுமையாகக் கிடைக்கும் பழைய நூல்.

பருவங்களின் பெயர்களை உடலியக்கத்தின் நோக்கில் வரிசைப்படுத்தினால் ஒரு வளர்ச்சி அட்டவணை கிடைக்கும். செங்கீரை என்பது குழந்தை குப்புறக் கவிழ்ந்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் நிலை. வருகை என்பது தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் நிலை. இவற்றைத் தாண்டிய பின் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் மகளிர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கும் சிற்றில், சிறு பறையைக் கோலால் அடிக்கும் சிறுபறை, தேரை உருட்டும் சிறுதேர் ஆகிய மூன்றும் வரும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நூலுக்கு நூல் சிறிது வேறுபட்டு, கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் என்பவற்றுள் மூன்று இடம்பெறும். ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய மாதக் கணக்கைப் பாட்டியல் நூல்கள், அதாவது இலக்கிய வகைகளின் இலக்கணம் கூறும் நூல்கள், தத்தம் மரபின்படி வகுத்துரைத்தன.

தலை நிமிர்த்தல், கை கொட்டல், நடத்தல், உதைத்தல், அடித்தல், இழுத்தல் என்று உடல் பெறும் திறன்களின் வரிசையும், அத்திறனுக்கேற்பக் கையில் கொடுக்கப்படும் பொருளின் வரிசையும் இங்கே ஒத்துச் செல்கின்றன. முதல் ஆறேழு பருவங்களில் எந்தப் பொருளும் தேவைப்படவில்லை. தாயின் குரலும் அழைக்கும் கையுமே போதுமானவை. பறையும் தேரும் கால் நிலைத்த பிறகே வருகின்றன. இன்றைய மருத்துவமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடத்தி விளையாடவிட வேண்டும் என்கிறது. செங்கீரையாடும் குழந்தையின் உடல்நிலை அதுவே.

மகளிர் ஆடிய ஊசலும் பந்தும்

பெண்களுக்குரிய விளையாட்டுப் பொருள்களுள் ஊசல் எனப்படும் ஊஞ்சலே விழாவோடு மிக நெருங்கிய தொடர்புடையது. நற்றிணையின் 90ஆம் பாடல் ஊர் விழாவின் ஆரவாரத்துக்கு நடுவே பனைநாரால் திரித்த பெருங்கயிற்றில் தொங்கும் ஊஞ்சலைக் காட்டுகிறது. தோழியர் ஊக்கியும் ஆடாமல் நிற்கும் ஒருத்தியின் மனநிலையே அப்பாட்டின் பொருள். அகநானூற்றின் 20ஆம் பாடலில் நெய்தல் நிலத்துப் பெண்கள் ஞாழல் மரக்கிளையில் தாழையின் விழுதைக் கயிறாகக் கட்டி ஆடுகின்றனர். மருதத்தில் பனைநார், கடற்கரையில் தாழைவிழுது என்று அவ்வந்நிலத்தில் கிடைத்ததே ஊஞ்சற் கயிறாயிற்று. ஊஞ்சலில் நின்றாடுபவர் முழங்காலை மடக்கி நிமிர்த்தி உந்த வேண்டும், கயிற்றை இறுகப் பற்ற வேண்டும், உயரம் கூடக் கூடச் சமநிலை காக்க வேண்டும்; ஊக்குபவருக்கும் தோளுழைப்பு உண்டு.

கழற்சிக்காயைக் கொண்டு ஆடிய கழங்கு, பொன்னாலும் செய்யப்பட்டதைப் புறநானூறு ஆன்பொருநை ஆற்று மணலில் ஆடும் சேரநாட்டு மகளிரைப் பாடும்போது குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகிய மூன்றும் உள்ளன. கந்துகம் என்பது பந்து. வரி என்பது இசைப்பாட்டு வகை. கொங்குவேளிரின் பெருங்கதையில் பந்தடியைக் கண்டது பற்றித் தனியொரு பகுதியே அமைந்துள்ளது; ஒன்றுக்கு மேற்பட்ட பந்துகளை ஒருங்கே அடித்து, குனிந்தும் நிமிர்ந்தும் சுழன்றும் ஆடிய அக்கலைக்கு உடற்பயிற்சியும் எண்ணிக்கையும் வேண்டப்பட்டன. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல், திருவம்மானை, திருத்தோணோக்கம் முதலியவற்றைப் பாடியபோது, பெண்களின் உடலாட்டங்கள் பக்திப் பாடலுக்கு வடிவம் தரும் அளவுக்கு மக்களிடையே வேரூன்றியிருந்தன.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. பெண் பருவமடைந்ததும் வீட்டுக்குள் காத்துவைக்கப்படுவதைச் சங்க மரபு இற்செறிப்பு என்றது. அதன்பின் ஆடிய மணலும் ஊஞ்சலும் அவளுக்கு எட்டாதவை ஆயின. அக்காலத்திலேயே இதற்கு எதிரான குரலும் எழுந்தது. நற்றிணையின் 68ஆம் பாடலில் தோழி, இளம்பெண்கள் ஆயத்தோடு ஓரை ஆடாமல் வீட்டில் அடைந்து கிடப்பது அறமும் ஆகாது, அதனால் செல்வமும் தேயும் என்று தாயிடம் எடுத்துச் சொல்வார் உண்டோ எனக் கேட்கிறாள். ஓரை என்பது மகளிர் கூடி ஆடிய ஒரு விளையாட்டு. உடலை இயக்கும் உரிமையை அறத்தோடு சேர்த்துப் பேசிய அந்தக் குரல், பிற்காலத்தில் மிதிவண்டி ஏறிய பெண்களின் வரலாற்றுக்கு முன்னுரையாகக் கொள்ளத்தக்கது.

ஆடி, தை, சித்திரை

சங்கப் பாடல்களில் கண்ட தேரும் ஊஞ்சலும் இன்றைய பண்டிகை வழக்கங்களில் மறையாமல் தொடர்கின்றன. காவிரிப் பாசன ஊர்களில் ஆடி மாதம் 18ஆம் நாள் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கின்போது, பெரியவர்கள் ஆற்றங்கரையில் காப்பரிசியும் காதோலையும் கருகமணியும் வைத்துக் காவிரியை வழிபட, சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு கரைக்குச் செல்வர். சப்பரம் என்பது இறைத் திருமேனி உலாவரும் ஊர்தி. அதன் சிறு வடிவமாகப் பலகையும் சட்டமும் சக்கரமும் சேர்த்துச் செய்யப்படும் இதனைச் சப்பரத்தட்டி என்றும் அழைப்பர். தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத் தச்சர்களுக்கு ஆடி மாதம் சப்பரத்தட்டி செய்யும் காலம். வீட்டார் அதனை வாங்கித் தர, பிள்ளைகள் சாமிப் படம் ஒட்டிப் பூச்சூட்டிக் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் செல்கின்றனர். உருத்திரங்கண்ணனார் பாடிய காவிரிப்பூம்பட்டினம் இருந்த அதே ஆற்றுப்பகுதியில், பிள்ளைகள் தேர் இழுக்கும் வழக்கம் ஒரு பண்டிகைக்கு உரியதாக நிலைபெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆடிப்பெருக்கு நாளில் கொங்கு நாட்டில் மரக்கிளைகளில் தூரி கட்டப்படும். தூரி என்பது ஊஞ்சலுக்கு அவ்வட்டார வழக்கு. ஆடி நோம்பி எனப்படும் ஆடிப் பண்டிகைக்குத் தாய்வீடு வந்த மணமான பெண்களும் தூரி ஆடுவர். ஆண்டு முழுவதும் வீட்டு வேலையில் கட்டுண்டிருந்தவர்களுக்கு அந்நாள் பிள்ளைப் பருவத்து இயக்கத்தைத் திருப்பித் தந்தது. தென்மாவட்டங்களில் சிறுவீட்டுப் பொங்கல் என்னும் வழக்கத்தில், மார்கழியில் பெண்பிள்ளைகளுக்காக வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டித் தை மாதத்தில் அங்கே பொங்கலிடுவர். சங்க மகளிர் கட்டிய சிற்றிலின் தொடர்ச்சியை இதில் காணலாம். இலங்கையின் வடபகுதியில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளன்று நடைபெறும் பட்டப் போட்டி பெரும் கூட்டத்தை ஈர்க்கிறது. சித்திரைப் புத்தாண்டில் ஈழத்தமிழர் பெரியோரிடம் கைவிசேடம் எனப்படும் காசைப் பெற்றபின், போர்த்தேங்காய் அடித்தும் ஊஞ்சல் ஆடியும் மாட்டுவண்டிச் சவாரி கண்டும் நாளைக் கழிப்பது மரபு.

இவ்வழக்கங்களில் பொருளும் இடமும் நாளும் ஒன்றுசேர்ந்தே வருகின்றன. சப்பரத்தட்டிக்கு ஆற்றங்கரை, தூரிக்கு மரம், பட்டத்துக்குக் கடற்கரைக் காற்று என்று விளையாடும் வெளியையும் விழாவே அமைத்துக் கொடுத்தது.

கடைசலும் பனங்காயும்

உடலை இயக்கும் விளையாட்டுப் பொருள்களைச் செய்தோர் பெரும்பாலும் தச்சரும் கடைசற்காரரும் ஆவர். கடைசல் என்பது மரத்துண்டைச் சுழலவிட்டு உளியை அதன்மேல் வைத்து உருளை வடிவாகச் செதுக்கும் தொழில். செதுக்கியபின் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்கை அழுத்திப் பிடித்தால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் பரவிப் பளபளப்பாகப் படியும். அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பட்டறைகள் மரச்செப்புகளுக்குப் பெயர்பெற்றவை. பம்பரம், கோலாட்டக் கோல், தொட்டில் உறுப்புகள் முதலியன இத்தொழிலின் பிற ஆக்கங்கள். பம்பரத்தின் ஆணியும் அதில் சுற்றும் சாட்டைக் கயிறும் எளியவையே ஆயினும், தோளும் மணிக்கட்டும் கண்ணும் ஒரே நொடியில் இசைந்து இயங்கினாலன்றிப் பம்பரம் நின்று சுழல்வதில்லை.

இவ்வகையில் மிகுந்த நுட்பம் உடையது நடைவண்டி. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று மரச்சக்கரங்கள், அவற்றை இணைக்கும் சட்டம், நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி என்பவையே அதன் உறுப்புகள். பிள்ளை பின்னால் நின்று கைப்பிடியைப் பற்றித் தள்ளும்போது வண்டி மெல்ல நகர, அதனைத் தொடர்ந்து பிள்ளையும் அடியெடுத்து வைக்கிறது. தன் எடையைத் தன் காலே தாங்குவதால் கால் வலுப்பெறுகிறது. மரத்தின் கனம் வண்டி விரைந்து ஓடிவிடாமல் காக்கிறது. பிற்காலத்தில் பரவிய வாக்கர், பிள்ளையைத் துணி இருக்கையில் அமர்த்திச் சுற்றிலும் சக்கரம் பொருத்திய கருவி. அதில் பிள்ளை தன் எடையைத் தாங்குவதில்லை, சமநிலையைக் கற்பதில்லை, மிகுந்த வேகத்தில் படிக்கட்டுவரை சென்று விழும் ஆபத்தும் உண்டு. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அத்தகைய தடையை வலியுறுத்தி வருகிறது. சுமந்து செல்லும் பொருளுக்கும் நடக்கச் செய்யும் பொருளுக்கும் இடையே குறுந்தொகைப் புலவர் கண்ட வேறுபாடு, மருத்துவ அடிப்படையிலும் பொருளுடையது என்பதற்கு இது தக்க சான்று.

தச்சரிடம் வாங்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் தாமே செய்துகொண்டனர். நுங்கெடுத்த பனங்காய்கள் இரண்டை ஒரு குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிச் செல்லும் பனங்காய் வண்டி தமிழகத்திலும் ஈழத்திலும் பனை வளரும் ஊர்களிலெல்லாம் ஓடியது. பனையோலைக் காற்றாடி சுழல வேண்டுமானால் அதனை ஏந்தியவன் ஓடவேண்டும். தேய்ந்த மிதிவண்டிச் சக்கரத்து டயரைக் குச்சியால் தட்டி ஓட்டியபடி ஒரு தலைமுறை முழுவதும் கடைக்கும் பள்ளிக்கும் சென்றது. விலையின்றிக் கிடைத்த இப்பொருள்களின் உடற்பயன், தச்சர் செய்த தேரின் உடற்பயனுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

வளர்ந்தோர்க்கும் உரியவை

விழாக்காலத்து உடலியக்கம் பிள்ளைகளோடு முடிந்துவிடவில்லை. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் எனப்படும் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோள்வழியே பின்னால் எறிவது இளைஞரின் வலிமைக்கு அளவுகோலாக இருந்தது; இன்றும் சில ஊர்களில் பொங்கல் விளையாட்டுகளுள் அது இடம்பெறுகிறது. உறியடியும் வழுக்குமரமும் சடுகுடுவும் அவ்வாறே. கும்மியும் கோலாட்டமும் சிறுமியரையும் மூதாட்டியரையும் ஒரே வட்டத்தில் நிறுத்தின. குனிந்து நிமிர்ந்து காலெடுத்து வைக்கும் அந்த ஆட்டங்கள் முதுமையில் தளரும் சமநிலையைக் காக்க வல்லவை.

எல்லா வயதினரையும் ஒருசேர இயக்கிய பெரு நிகழ்வு தேரோட்டமாகும். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீப விழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவற்றுள் பராசக்தி அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுக்கின்றனர். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுக்கின்றனர். ஆடியில் வீட்டுத் தெருவில் சப்பரத்தட்டி இழுக்கும் பிள்ளை, தன் வயதுக்கேற்ற கோயில் தேரின் வடத்தைப் பிடித்து, வளர்ந்தபின் பெருந்தேரின் வடத்துக்குச் செல்லும் ஒரு தொடர்ச்சியைத் தமிழ்ச் சமூகம் உருவாக்கி வைத்திருந்தது. விளையாட்டுத் தேர் கோயில் தேரைப் பார்த்துச் செய்யப்பட்டதாக இருப்பினும், பயிற்சியின் நோக்கில் சிறுதேரே முதற்படி.

மிதிவண்டி வந்தபின்

20ஆம் நூற்றாண்டில் உடலியக்கம் கல்வித்துறையின் பொருளாகவும் ஆலைத்தொழிலின் பொருளாகவும் மாறியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பயிற்சி பெற்ற விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கியது. பந்தும் வலையும் மட்டையும் பள்ளிகளின் வழியே பரவலாயின. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் மிதிவண்டிகளைத் தயாரித்தது. சொந்த மிதிவண்டி வாங்க இயலாத சிறுவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டப் பழகினர். சிறுதேருக்குப் பின் தமிழ்ச் சிறுவரை இந்த அளவுக்கு ஈர்த்த சக்கரப் பொருள் வேறொன்று இருந்ததாகக் கூற முடியாது. ஏறிச் செல்லும் பொருளாக இருந்தும், ஏறியவரின் காலுழைப்பாலேயே ஓடுவது மிதிவண்டியின் சிறப்பு.

பெண்களின் வரலாற்றில் அதன் இடம் தனித்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவித்தலுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. உழவுத் தொழிலாளர், கல்குவாரித் தொழிலாளர் உள்ளிட்ட பல்லாயிரம் கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் போனபோது ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினர். அதன் நடுக்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பியோரும் இருந்தனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பின்னர்த் தமிழக அரசு 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கி, அதனைப் பிற மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தியது. இற்செறிப்பை எதிர்த்துக் கேள்வி எழுப்பிய தோழியின் குரலுக்கு, பெண் வெளியே சென்று கற்கவும் உழைக்கவும் உதவும் ஒரு பொருளைக் கையில் கொடுத்ததே இக்காலத்தின் விடை.

அதே நூற்றாண்டு மறுதிசையிலும் சென்றது. சாவி கொடுத்தால் ஓடும் தகர வண்டிகளும், பின்னர் மின்கலத்தால் ஓடும் நெகிழி வண்டிகளும் கடைவீதியை நிரப்பின. இவற்றில் வண்டி ஓடுகிறது, பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறது. ஏறி அமர்ந்து விசையை அழுத்தினால் பிள்ளையைச் சுமந்து செல்லும் வண்டிகளும் இன்று பிறந்தநாள் பரிசாக வழங்கப்படுகின்றன. தொடுதிரைக் கருவியோ உடல் முழுவதையும் ஓய்வில் வைத்து விரலை மட்டும் இயக்குகிறது. நடைவண்டியும் பம்பரமும் செய்த பட்டறைகளின் சந்தை சுருங்கியதற்கு நெகிழியின் மலிவு விலையோடு இம்மாற்றமும் காரணமாகும்.

மரபு கற்பிக்கும் தேர்வு

இந்நெடிய வரலாற்றிலிருந்து பண்டிகைப் பரிசைத் தேர்ந்தெடுப்பதற்கு நான்கு அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, பொருளை இயக்குவது யாருடைய ஆற்றல் என்பது. கையாலும் காலாலும் இயங்குவதே உடலை வளர்க்கும். இரண்டாவது, பெறுபவரின் உடற்பருவம். பிள்ளைத்தமிழ் வகுத்த வரிசையைப் போல, நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நடைவண்டி, ஓடும் பிள்ளைக்குச் சப்பரத்தட்டியும் பந்தும், பள்ளிப் பருவத்தினருக்குப் பம்பரமும் கயிறும் மிதிவண்டியும், வளர்ந்தோர்க்கு இறகுப்பந்து மட்டையும், முதியோர்க்குக் காலுக்கு இதமான நடைக்காலணியும் ஏற்றவை. மூன்றாவது, சேர்ந்து ஆடும் வாய்ப்பு. ஊஞ்சலுக்கு ஊக்குபவரும் கோலாட்டத்துக்கு எதிர்க்கோலும் வேண்டும் என்பதால், அத்தகைய பொருள் ஒருவருக்கு வழங்கப்பட்டாலும் பலரை இயக்குகிறது. நான்காவது, ஆடுவதற்கான இடம். ஊர்திகள் நிறைந்த தெருவில் சப்பரம் ஓடாது, மரம் வெட்டப்பட்ட ஊரில் தூரி கட்ட முடியாது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பிலும், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பிலும் ஈடுபட வேண்டும்; 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலையை வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். சப்பரம் இழுத்து ஆற்றங்கரைக்குச் சென்று திரும்பிய பிள்ளைக்கும், தூரியை மாறிமாறி ஊக்கிய பெண்களுக்கும், கும்மி வட்டத்தில் நின்ற மூதாட்டிக்கும் இத்தகைய உழைப்பு எவரும் கணக்கிடாமலேயே விழாக்களில் கிடைத்துவந்தது. அவ்வழக்கங்கள் தளர்ந்துவிட்ட இன்று, அந்த இயக்கத்தை வேண்டுமென்றே தேர்ந்து மீட்டெடுக்க வேண்டிய பொறுப்பு குடும்பங்களுக்கு வந்துள்ளது. பரிசை வாங்குவோர், அப்பொருள் பெறுபவரைச் சுமந்து செல்லுமா, நடக்கச் செய்யுமா என்ற ஒரு கேள்வியைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது அதற்குத் தொடக்கமாகும். அதனோடு, அப்பொருளைக் கொண்டு ஆடுவதற்கு ஓர் இடத்தையும், உடன் ஆடுவதற்குத் தம் நேரத்திலிருந்து ஒரு பகுதியையும் சேர்த்து வழங்கினால் மட்டுமே அப்பரிசு முழுமை பெறும்.